இரண்டு சிப்பும் ஏழு குமிழும்

இரத்தினபுரியில் ஒரு சங்கீதக் கடை. கண்ணாடி மேசையின் மேல் இரண்டு பெட்டிகள். ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு. மேசைக்கு இந்தப் பக்கம் நான், கையில் ஒரு கொப்பியோடு. எனக்குப் பக்கத்தில் அக்காவின் கணவர் நாயகம் அத்தான், தோளில் கிட்டாரோடு. அந்தப் பக்கம் கடை முதலாளி. எங்கள் இருவரில் யாரைப் பார்த்துப் பேசுவது என்று அவருக்குச் சிறிது நேரம் குழப்பம்.

பிறகு கொப்பியைப் பார்த்தார். என்னிடம் பேசத் தொடங்கினார்.

சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன். வாசிக்கப் போகிறவர் அத்தான் என்றாலும், தேர்ந்தெடுக்க வந்தவள் நான்தானே?

இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. அந்தத் தேர்வு சரியா, பிழையா என்பது போன சனிக்கிழமைதான் முழுதாகத் தீர்ந்தது. அதனால் இந்த வாரப் பத்தியில் அரிசி விலை, பஸ் நெரிசல் எல்லாவற்றுக்கும் ஓய்வு. கிட்டார் பெட்டியைப் பற்றிப் பேசுவோம்.

எலெக்ட்ரிக் கிட்டாரைத் தனியாக மீட்டினால் பக்கத்தில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காது. அதற்குக் குரல் கொடுப்பது அம்ப்ளிஃபயர். நல்ல அம்ப் என்றால் பாரம். அரிசி மூட்டை மாதிரி இரண்டு பேர் தூக்க வேண்டும். விலையும் அப்படித்தான். இப்போது அதற்கு மாற்றாக வந்திருப்பதுதான் டிஜிட்டல் அம்ப் மொடலர். ஒரு டிபன் கரியர் அளவு பெட்டி. உள்ளே ஒரு சின்னக் கம்ப்யூட்டர். பேர்போன பெரிய அம்ப் ஒவ்வொன்றும் எப்படி ஒலிக்கும் என்பதைக் கணக்குப் போட்டு, அதே மாதிரி ஒலியைக் கொடுக்கும். பெட்டியைப் பாட்டுக்காரர்களின் ஸ்பீக்கரிலேயே செருகிவிடலாம். மூட்டை தூக்க வேண்டியதில்லை.

அத்தானுக்கு அது ஏன் தேவைப்பட்டது?

நிவித்திகலப் பக்கம் ரப்பர் தோட்டமொன்றில் அத்தான் பால் வெட்டுகிறார். சனிக்கிழமைகளில் ஓர் இசைக்குழுவில் கிட்டார். பதினோரு வருடமாக. அவருடைய பழைய அம்ப், கரண்ட் கூடிக் குறைந்ததில் ஒரு நாள் புகைந்துபோனது. அதே மாதத்தில் குழுவின் தலைவர் ரவி அண்ணன் ஒரு புதுக் கீபோர்ட் வாங்கினார். அதில் பியானோ இருக்கிறது, வயலின் இருக்கிறது, புல்லாங்குழல் இருக்கிறது. ஒரு பட்டனை அழுத்தினால் கிட்டாரும் இருக்கிறது.

தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் லயத்துக்கு வந்து, அக்கா கொடுத்த பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே ரவி அண்ணன் விஷயத்தைச் சொன்னார்.

"நாயகண்ணே, கோவிச்சுக்காதீங்க. கீபோர்டுலயே கிட்டார் வருது. வேன்ல ஒங்கள ஏத்துற எடத்துல இன்னொரு ஸ்பீக்கர ஏத்தலாம்."

"ஸ்பீக்கரு டீ குடிக்காது. அந்த மிச்சமும் இருக்கு" என்றார் அத்தான்.

ரவி அண்ணன் சிரிக்கவில்லை. "புதுசா ஒரு பொட்டி பாருங்க. வாற ரெண்டு கல்யாணத்துலயும் வாசிங்க. சரிப்பட்டு வந்தா இருங்க. இல்லாட்டி கீபோர்டே போதுங்கண்ணே."

இரண்டு கல்யாணம். அவ்வளவுதான் அவகாசம். அத்தான் குடிப்பதில்லை, கார்ட்ஸ் ஆடுவதில்லை, அரசியல் பேசுவதில்லை. அந்தச் சனிக்கிழமையை எடுத்துவிட்டால் மற்ற ஆறு நாளும் ஒரே மரம்தான். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவள் நான். இரத்தினபுரியில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கிறேன். வாராவாரம் இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியும். நான் மறக்க விடுவதில்லை. தோட்டத்தில் கல்குலேட்டர் நின்றாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள், ரைஸ் குக்கர் நின்றாலும் என்னிடம்தான். ஆகவே கிட்டார் பெட்டி என் துறைக்கு வெளியே என்று ஒரு விநாடிகூட எனக்குத் தோன்றவில்லை.

கடையில் நான் செய்தது இதுதான். இரண்டு பெட்டிகளின் விபரப் புத்தகத்தையும் வாங்கி, கொப்பியில் கோடு போட்டு, புள்ளி கொடுத்தேன். கணக்குப் போடும் சக்திக்கு நாற்பது புள்ளி. எத்தனை அம்பைப் பாவனை செய்கிறது என்பதற்கு இருபது. எதிரொலி மாதிரியான எஃபெக்ட்ஸ் எத்தனை என்பதற்கு இருபது. ஒலியின் துல்லியத்துக்குப் பத்து. கடைசியாக, பாவிக்க இலகுவா என்பதற்கு மிச்சமிருந்த பத்து.

கறுப்புப் பெட்டியில் இரண்டு சிப். எண்பது அம்ப். எட்டு எஃபெக்ட்ஸை ஒரே நேரத்தில் ஓடவிட்டாலும் மூச்சு வாங்காது. நீல வெளிச்சத்தில் ஒரு ஸ்க்ரீன். காலால் மிதித்து ஒலி மாற்ற ஒரு பட்டன். திருகுவதற்கு ஒரேயொரு பெரிய குமிழ். மற்றதெல்லாம் மெனுவுக்குள்.

சிவப்புப் பெட்டியில் ஒரு சிப். எட்டே எட்டு அம்ப். இரண்டு எஃபெக்ட்ஸைச் சேர்த்துப் போட்டால் மூன்றாவதற்கு இடமில்லை. ஸ்க்ரீன் கிடையாது. மேலே வரிசையாக ஏழு குமிழ்கள். பழைய ரேடியோவில் இருப்பது மாதிரி.

அத்தான் இரண்டிலும் வாசித்துப் பார்த்தார். நியாயமாகச் சொல்ல வேண்டும்... கறுப்பில்தான் ஒலி நன்றாக இருந்தது. மெதுவாகத் தொட்டால் சுத்தமாக ஒலித்தது, அழுத்தினால் கரகரத்தது. விரலின் மனசு அதற்குத் தெரிந்த மாதிரி இருந்தது. சிவப்பில் மெதுவும் அழுத்தமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், கொஞ்சம் தகரம் தட்டிய மாதிரி. சிப்பில் சக்தி கூடினால் கணக்கு நுணுக்கமாகும், கணக்கு நுணுக்கமானால் ஒலி உயிராகும். புத்தகம் சொன்னதைக் காதும் ஒப்புக்கொண்டது.

"எது அத்தான் புடிச்சிருக்கு?" என்று கேட்டேன். ஒரு மரியாதைக்கு.

"செவப்பு கைக்கு நல்லாருக்கு. கறுப்பு காதுக்கு நல்லாருக்கு" என்றார். "நீங்க என்னா சொல்லுறீங்க டீச்சர்?"

என்னைக் கிண்டல் செய்ய வேண்டுமென்றால் டீச்சர் என்பார். உண்மையாகவே மதிக்கும்போதும் டீச்சர் என்பார். எது எப்போது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

சிவப்பைவிடக் கறுப்புக்குப் பல புள்ளிகள் கூட. கறுப்பை வாங்கினோம்.

திரும்பும் வழியில் சோதனைச் சாவடி. பஸ்ஸிலிருந்து எல்லோரும் இறங்கினோம். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. பெட்டி என் பையில் இருந்தது. வயர், லைட், ஸ்க்ரீன். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். அந்தப் பெண் சிப்பாய் பெட்டியை வெளியே எடுத்து, "மே மொக்கத்த?" என்று இது என்ன என்பதைக் கேட்டார். கிட்டார் வாசிக்கும் பெட்டி என்று சிங்களத்திலேயே சொன்னேன். கிட்டார் எங்கே என்றார். ஆண்கள் வரிசையில் என்றேன். அவர் எட்டிப் பார்த்தார். அங்கே ஆண் சிப்பாயிடம், பெட்டி பெண்கள் வரிசையில் என்று அத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டையும் ஓரிடத்தில் கொண்டுவந்து பார்த்த பிறகுதான் பஸ் புறப்பட்டது.

அன்றைக்கே யோசித்திருக்கலாம்... ஒரு பொருளுக்கு இவ்வளவு விளக்கம் தேவைப்படுவது நல்ல அறிகுறியா?

யோசிக்கவில்லை. மாறாக, இன்னும் விளக்கம் எழுத உட்கார்ந்தேன். ஆங்கிலப் புத்தகத்தைப் படித்து, தமிழில் பதினான்கு பக்கத்தில் குறிப்பு. அத்தானுக்குத் தேவையான நான்கு ஒலிகளை நானே அமைத்தேன். தாறுமாறாகப் போடலாமா? ஒவ்வொரு ஒலிக்கும் ஆங்கிலத்தில் பெயர் வைத்து, அகராதி வரிசைப்படி அடுக்கி, கம்பெனி நிரப்பாமல் விட்டிருந்த பன்னிரண்டாம் அடுக்கில் ஏ, பி, சி, டி என்று சேமித்தேன். அத்தானுக்கு அந்த நான்கு எழுத்தையும் கற்றுக்கொடுத்தேன். கெட்டிக்காரர், ஒரு மணி நேரத்தில் பிடித்துக்கொண்டார். மிச்சம் இருபத்திரண்டு எழுத்து எதற்கு?

ஒரு விஷயம் மட்டும் நடுவில் இடித்தது. மறுநாள் வேலை முடிந்து வந்தவர், சிரட்டையின் அடியில் கொஞ்சம் ரப்பர்ப் பால் கொண்டுவந்தார். பழைய அம்பில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் குமிழ் எங்கே நிற்க வேண்டும் என்று பார்த்து, குமிழின் விளிம்பில் ஒரு சொட்டுப் பால் வைப்பார். காய்ந்தால் பரு மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு பார்க்கத் தேவையில்லை, விரல் தடவினாலே தெரியும். இருட்டு விலகுவதற்கு முன்னே மரத்தில் பட்டையின் ஆழத்தை விரலால் பார்த்து வெட்டுகிற கை அது.

கறுப்புப் பெட்டியின் பெரிய குமிழைத் திருகினார். திருகிக்கொண்டே இருந்தார்.

"இது எங்க போயி நிக்கும்?"

"நிக்காது அத்தான். சுத்திக்கிட்டே இருக்கும். ஒரே குமிழ்தான் எல்லா வேலையும் செய்யும். அதுதான் வசதி."

"அப்ப எங்க ஆரம்பிக்கும்?"

"ஆரம்பமும் கெடையாது. ஸ்க்ரீனப் பாத்துக்கணும்."

சிரட்டையைக் கீழே வைத்தார். "ஆரம்பமும் இல்ல, முடிவும் இல்ல. சாமி மாதிரி" என்றார். அக்கா சிரித்தாள். நான் ஐந்தாம் பக்கத்தைத் திருப்பினேன்.

முதல் கல்யாணம் பக்கத்துத் தோட்டத்தில். காலையில் கோயிலில் பூசை முடிந்து, மாப்பிள்ளையும் பொண்ணும் பதினொரு மணிக்குத் தோட்ட மண்டபத்துக்குள் வர வேண்டும். வாசலிலிருந்து மேடைவரை அவர்கள் நடந்து வரும்போது கிட்டார் மட்டும் தனியாக, மெதுவாக. அதை ரவி அண்ணன்தான் ஏற்பாடு செய்தார். பரீட்சையென்றால் தெளிவான பரீட்சை.

அத்தான் ஆரம்பித்தார். அழகாக இருந்தது. எண்பதில் ஒன்றாக நான் தெரிந்தெடுத்த அம்ப், சி என்ற எழுத்தின் கீழ், நான் அமைத்த எதிரொலியோடு. பின்வரிசையில் இருந்த நான் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தேன். பொண்ணு வாசற்படியில் கால் வைத்தாள்.

கரண்ட் போனது.

எங்கள் பக்கத்தில் இது செய்தியே இல்லை. மழைக்காலம். யாரும் எழும்பவில்லை. பொண்ணும் மாப்பிள்ளையும் படியிலேயே நின்றார்கள், பின்னால் தோழி குடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிடத்தில் யாரோ ஜெனரேட்டரை இழுத்துவிட்டார்கள். லைட் வந்தது. எல்லோரும் அத்தானைப் பார்த்தார்கள்.

பெட்டி எழும்பவில்லை. அதாவது, எழும்பிக்கொண்டிருந்தது. இரண்டு சிப் அல்லவா? முதலில் ஸ்க்ரீனில் கம்பெனியின் அடையாளம். பிறகு ஒரு கோடு, இடமிருந்து வலமாக நிதானமாக நகர்ந்தது. நான் எண்ணினேன்... முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. ஒரு கல்யாண மண்டபத்தில் நாற்பது விநாடி எவ்வளவு நீளம் என்று, வாசற்படியில் நின்ற அந்தப் பொண்ணைத்தான் கேட்க வேண்டும்.

ரவி அண்ணனின் கீபோர்ட் பெட்டரியில் ஓடுவது. அவர் அத்தானைப் பார்த்தார், பட்டனை அழுத்தினார். கிட்டார் ஒலி வந்தது. அதே மெட்டு, ஒரு பிழையில்லை. சோடி நடக்கத் தொடங்கியது. யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதற்குத்தான் நான் பயந்தேன்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பெட்டி விழித்துக்கொண்டது. எங்கே விழித்தது தெரியுமா? நான் சேமித்த பன்னிரண்டாம் அடுக்கில் அல்ல. கம்பெனிக்காரர்கள் தங்கள் வல்லமையைக் காட்ட ஒன்றாம் அடுக்கில் வைத்திருந்த ஒலியில். எட்டு எஃபெக்ட்ஸும் ஒரே நேரத்தில். அத்தானுக்கு அது தெரியாது. உயிர் வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு கம்பியைத் தொட்டார்.

மண்டபம் அதிர்ந்தது. பொண்ணு மாப்பிள்ளையின் காலை மிதித்தாள்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் காதிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டார், "என்னாங்க, கொழுந்து அரைக்கிற மிஷினயும் இங்கனக் கொண்டாந்துட்டாங்களா?"

ஒன்றிலிருந்து பன்னிரண்டாம் அடுக்குக்குப் போக, கால் பட்டனைப் பதினொரு தடவை மிதிக்க வேண்டும். அத்தான் மிதித்தார், ஒவ்வொன்றாக. அவர் வந்து சேர்வதற்குள் சோடி மேடையில் உட்கார்ந்து, சொந்தக்காரர்கள் பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்தாகிவிட்டது.

கரண்ட் போய் வந்தால் பெட்டி ஒன்றாம் அடுக்குக்குத் திரும்பும் என்பது புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. நான் படித்தேன். என் பதினான்கு பக்கத்தில் சேர்க்கவில்லை. அந்தப் புத்தகத்தை எழுதியவர்களுக்குக் கரண்ட் போவது கடைசிப் பக்கத்து விஷயம். சரி, அவர்களுடைய ஊரில் அப்படி. லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அது எப்படிக் கடைசிப் பக்கமானது?

வேனில் வீட்டுக்குத் திரும்பினோம். இறங்கும்போது ரவி அண்ணன் சொன்னார், "ஒன்னு முடிஞ்சிருச்சி. இன்னும் ஒன்னுதாண்ணே."

வீட்டில் அக்கா கேட்டாள். நான் சொன்னேன். மிளகாயைக் கிள்ளிக்கொண்டே கேட்டு முடித்தவள், "படிச்சவ வாங்குன பொட்டி, படிச்சவளுக்குத்தாண்டி வேல செய்யும்" என்றாள்.

"அதெல்லாம் இல்ல" என்றார் அத்தான். "பொட்டி பாசு. நாந்தான் ஃபெயிலு."

அதில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நான் சும்மா இருக்கவில்லை. மறுநாள் காலையிலேயே நான்கு ஒலிகளையும் ஒன்றாம் அடுக்குக்கு மாற்றினேன். இனிக் கரண்ட் போய் வந்தாலும் சரியான ஒலிதான் வரும். பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அத்தான் பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"வாசிக்கிற எடத்துல சத்தம் ரொம்பக் கூரா இருந்தா எங்க தொடணும்?"

"எடிட் பட்டன அமுக்கணும். குமிழச் சுத்தி மூணாவது பக்கம் போகணும். அதுல ட்ரெபிள். மறுபடி அமுக்கிட்டு, சுத்திக் கொறைக்கணும். அப்புறம் சேவ். சேவா வேணாமான்னு கேக்கும், யெஸ் குடுக்கணும்."

கடைசிவரை கேட்டார். தலையாட்டினார். "டீச்சர், அதுக்குள்ள பாட்டு முடிஞ்சி சோறு போட்டுருவாங்க" என்றார்.

அந்த வாரம் மழை. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. அத்தான் கிட்டாரை எடுத்துக்கொண்டு என்னோடு காலை பஸ்ஸில் இரத்தினபுரிக்கு வந்தார், நேரே கடைக்கு. முதலாளி வழக்கம்போல என்னைப் பார்த்தார். நான் அத்தானைப் பார்த்தேன்.

அத்தானின் சிங்களம் என்னுடையதைவிடச் சரளம். நான் படித்தேன், அவர் பழகினார். சிவப்புப் பெட்டியைக் காட்டி, "மாத்தயா, கரண்ட் எக்க ஓஃப் கரலா ஆயெ தான்ன" என்றார். அணைத்துவிட்டு மறுபடி போடச் சொல்கிறார்.

"மொக்கட்டத?" எதற்காம் என்று முதலாளி என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

அணைத்தார், போட்டார். போட்டதும் அத்தான் கம்பியைத் தொட்டார். ஒலி வந்தது. அதே ஒலி. வராமல் எப்படி இருக்கும்? குமிழ்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. கரண்ட் போனால் குமிழ் திரும்பிவிடுமா? சேமிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை, மறப்பதற்கும் இல்லை. மறுபடி அணைக்கச் சொன்னார். மறுபடி போடச் சொன்னார். ஐந்து தடவை.

பிறகு கண்ணை மூடிக்கொண்டார். ஒவ்வொரு குமிழாக இடது பக்கம் முட்டும்வரை திருகினார், வலது பக்கம் முட்டும்வரை திருகினார். ஏழையும். பாட்டு ஒன்றும் வாசிக்கவில்லை.

"எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு தெரியுது" என்றார். அவ்வளவுதான் அவருடைய பரிசோதனை. கொப்பி இல்லை, புள்ளி இல்லை.

நான் கடைசியாக ஒரு தடவை வாதாடினேன். "அத்தான், இதுல எட்டு அம்ப்தான் இருக்கு."

"வாசிக்கிறது ஒருத்தந்தானே? எட்டுல ஒன்னு போதும்."

கறுப்பைத் திருப்பி எடுக்க முதலாளி மறுத்துவிட்டார். அது அவருடைய நியாயம். கறுப்பை நான் வைத்துக்கொண்டு சிவப்புக்கு என் சம்பளத்தில் கொடுத்தேன். அது என்னுடைய நியாயம்.

மழை விட்ட அடுத்த நாள் சிரட்டையில் பால் வந்தது. குமிழ் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு. ஒரேயொரு குமிழில் மட்டும், ட்ரெபிளில், இரண்டு சொட்டு. ஏன் என்று கேட்டேன்.

"ஒன்னு ஓட்டுக் கூரைக்கி. இன்னொன்னு தகரக் கூரைக்கி. தகரத்துல மழ பெஞ்சா கூர்ச் சத்தந்தான் கேக்கும், மத்தது அமுங்கிரும்."

தகரத்துக்கும் ஓட்டுக்கும் இடையிலான வித்தியாசத்துக்கு என் கொப்பியில் கோடு போட்டிருக்கவில்லை. எந்தக் கம்பெனியின் புத்தகத்திலும் அப்படி ஒரு கோடு இருக்கும் என்று தோன்றவில்லை.

இரண்டாவது கல்யாணம் போன சனிக்கிழமை, புளத்கொகுபிட்டியவில், ஒரு சிங்கள வீட்டில். வேனில் மூன்று மணி நேரம். நானும் போனேன், அழைப்பில்லாமல். முற்றத்தில் தகரக் கூரை போட்ட பந்தல். பன்னிரண்டு மணிக்கு மழை பிடித்தது. பக்கத்து ஸ்டூலில் வைத்திருந்த சிவப்புப் பெட்டியைப் பார்க்காமலே அத்தான் விரலை ட்ரெபிள் குமிழுக்குக் கொண்டுபோனதைப் பார்த்தேன். இரண்டாவது சொட்டைத் தேடிப் பிடித்து அதில் நிறுத்தினார். மேலே அத்தனை இரைச்சல். அதற்குக் கீழே கிட்டார் மெலிசாகத் தெளிவாகக் கேட்டது.

சாப்பாட்டுக்கு முன் பைலா, ஆடுவதற்கென்றே உள்ள பாட்டு. பொண்ணின் அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு நடுவில் இறங்கிவிட்டார், பின்னால் சொந்தக்காரர் எல்லோரும். நடுப்பாட்டில் கரண்ட் போனது.

ஸ்பீக்கர் செத்தது. பாட்டுக்காரர் வாயைத் திறந்தபடி நின்றார். பெட்டரியில் ஓடிய கீபோர்ட் மட்டும் அதன் சின்னக் குரலில் முனகியது. ஆடியவர்கள் நிற்கவில்லை. கைதட்டித் தாளத்தைப் பிடித்துக்கொண்டார்கள், அவர்களுக்கும் இது பழக்கம்தான். அத்தான் குனியவில்லை, பெட்டியைப் பார்க்கவில்லை. கரண்ட் இல்லாத கிட்டாரை, யாருக்கும் கேட்காத கிட்டாரை, அதே தாளத்தில் வாசித்துக்கொண்டே இருந்தார்.

ரவி அண்ணனின் விரல் கிட்டார் பட்டனுக்கு மேலே போய் நின்றது.

கரண்ட் வந்தது. வந்த அந்தக் கணத்திலேயே கிட்டார் இருந்தது. பாட்டின் நடுவில், இருக்க வேண்டிய இடத்தில், போகாத மாதிரி. கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் தட்டியபடியே அதில் ஏறிக்கொண்டார்கள். பொண்ணின் அப்பா ஒரு கையைத் தூக்கி அத்தானுக்குக் காட்டினார்.

ரவி அண்ணன் பட்டனை அழுத்தவில்லை. விரலை எடுத்து இரண்டு கையாலும் பியானோவே வாசித்தார். சாப்பாட்டுக்குள் கரண்ட் இன்னும் இரண்டு தடவை போய் வந்தது. அந்த இரண்டு தடவையும் அவர் விரல் அந்தப் பக்கம் போகவில்லை.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சிவப்புப் பெட்டியின் ஒலி கறுப்புக்கு நிகரில்லை. மெதுவும் அழுத்தமும் இன்னமும் ஒன்றுதான். தகரத் தட்டல் இன்னமும் இருக்கிறது. எனக்குக் கேட்டது. அந்தப் பந்தலில் அது கேட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

சிப்பின் சக்தி பொய்யா? இல்லை. நாளைக்கே இரண்டு சிப் பெட்டிக்கு ஏழு குமிழும் வரும், கரண்ட் வந்த மறு விநாடி விழிக்கவும் கற்றுக்கொள்ளும். அப்போது அதைத்தான் வாங்கச் சொல்வேன். ஆனால் பொருளுக்குப் புள்ளி போட உட்காருகிறவர்கள், அதைத் தொடப்போகிற கை யாருடையது என்று முதலில் பார்க்க வேண்டும். நான் என் கைக்கு ஏற்ற பெட்டியை வாங்கி, அத்தானின் காலடியில் வைத்திருந்தேன்.

இரத்தினபுரியைத் தாண்டும்வரை வேனில் எல்லோரும் தூக்கம். லயத்துக்குத் திரும்பும் சந்தியில் அத்தானும் நானும் இறங்கினோம். கிட்டாரை எடுத்துக் கொடுத்த ரவி அண்ணன், கதவை மூடாமல் தலையை நீட்டினார்.

"நாயகண்ணே, வாற சனிக்கெழம தெரணியகலை. எட்டு மணிக்கி வேன் வரும். லேட்டாக்கிறாதீங்க."

"ஸ்பீக்கர எங்க ஏத்துவீங்க?"

"மடியில வச்சிக்கிறேங்க" என்றார் ரவி அண்ணன்.

கறுப்புப் பெட்டி இதை எழுதும் மேசையில்தான் இருக்கிறது. இரண்டு சிப், எண்பது அம்ப், அகராதி வரிசையில் நான்கு ஒலி. சக்திக்கு ஒரு குறையும் இல்லை — வாசிக்கத்தான் ஆளில்லை.